பிஸ்டன் மேல் போட்ட பழி

1

இந்தக் கதையை என் மனைவியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் மழுப்புவார்கள். மழை பெய்துகொண்டிருந்தது, ஜன்னலோரம் நின்றேன், தானாக ஒரு வரி வந்தது என்பார்கள். எனக்கு வரியெல்லாம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. வந்து மூன்று வாரமாகிறது, இன்னும் கிளம்புகிற வழியைக் காணோம்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், மூன்றே பேர்தான். என் மனைவி பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கிறவள். வீட்டின் முன்பாதி அவளுடைய பட்டறை, பின்பாதியில் நாங்கள் குடியிருக்கிறோம். நாற்பது ஐம்பது வருஷத்து வண்டிகளின் டிஸ்க் பிரேக்கைப் பிரித்து மாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவே அவளை ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடும். இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருப்பவன் என் கூடப்பிறந்த தம்பி. எதைக் கேட்டாலும் மைக்ரான் கணக்கில் பதில் சொல்வதால் அவனுக்கு ‘மைக்ரான்’ என்றே பேர் விழுந்துவிட்டது. மூன்றாவது ஆள் நான். அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருந்த என் பழைய வண்டியின் முன் பிரேக் தானாக இறுகிக்கொண்டது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, இன்றைக்கும் கைத்தடிதான். அந்த பிரேக்கில் இருந்த பிஸ்டன் தம்பி கடைந்து கொடுத்தது. அவன் பிஸ்டன்தான் என்னைக் கீழே தள்ளியது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நான்தான் முதலில் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது தெருவுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து பழைய வண்டிக்காரன் ஒருத்தனும் அவன் பட்டறைப் படி ஏறுவதில்லை, அவனும் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை.

இப்போது என் சந்தேகம் இடம் மாறிவிட்டது. தப்பு பிஸ்டனில் இல்லை, அதை மாட்டிய கையில் என்று தோன்றுகிறது. அது நிஜமென்றால் ஏழு மாதமாக என் தம்பி செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறான். நேராக மனைவியிடம் கேட்டுவிடலாமே என்பீர்கள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பழக்கமில்லை. (இந்த ஏழு மாதமும் அந்தக் கைதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. — இந்த வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.) ஆகவே கதை.

2

பொறி இப்படி. என் மனைவிக்கு எழுத்துப்பிழை கண்ணில் படாது. எந்திரப்பிழை பட்டுவிட்டால் சோறு இறங்காது. சினிமாவில் காட்டுகிற வண்டி டூ ஸ்ட்ரோக், போடுகிற சத்தம் ஃபோர் ஸ்ட்ரோக் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தவள். பட்டறைக் கதை ஒன்று எழுதுகிறேன், தப்பு இருந்தால் பென்சிலில் குறித்துக் கொடு என்று பக்கம் பக்கமாகக் கொடுத்து வருவது. நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தை நட்டு வைப்பது. அதை அவள் திருத்துகிறாளா, விடுகிறாளா என்று பார்ப்பது. இவ்வளவுதான் என் இலக்கிய நோக்கம்.

முதல் தொடக்கம்: ‘உலோகங்களுக்கும் மனசாட்சி உண்டு.’ — சகிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்தபோது அது தன் கணவனைக் கொல்லப் போகிறது என்று அவள்’ — கொல்லவில்லையே. குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனே.

மூன்றாவது நின்றது:

‘அவள் கேலிப்பரை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிடி. அதற்குள் குட்டி டம்ளர் மாதிரி ஒரு பிஸ்டன். பிரேக்கைப் பிடித்தால் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கட்டையைத் தள்ளும், கட்டை தட்டை அழுத்தும். விட்டதும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்காவிட்டால் பிரேக் விடாது. இந்த வண்டியில் இருந்தது நாற்பத்தைந்து வருஷத்துப் பிஸ்டன். மேலே பூசியிருந்த குரோமியம் குழிகுழியாகப் பெயர்ந்து உள்ளே துரு தெரிந்தது. திரும்பப் போடுவதற்கில்லை. செய்த கம்பெனியே இப்போது கிடையாது. புதிதாகத்தான் கடைய வேண்டும். எதில் கடைவது என்று அவள் யோசித்தாள்.’*

* பென்சிலில்: ‘கட்டை இல்ல, பேட். கட்டைங்கறது சைக்கிளுக்கு. ரப்பர் வளையத்துக்கு சீல்னு பேரு. மயிரிழைன்னு போடாதீங்க, கால் மில்லிகூட வராதுன்னு போடுங்க.’

பார்த்தீர்களா, மீன் தூண்டில் பக்கம் வந்துவிட்டது. பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் கறை வேறு. அச்சகத்தில் இப்படி ஒரு மெய்ப்பைக் கொடுத்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள்.

3

‘கொழுந்தன் வந்தான். மேசைமேல் பழைய துணியை விரித்து நான்கு பிஸ்டன்களை வரிசையாக வைத்தான். அவளும் அவனும் அவற்றைப் பார்த்த பார்வையில் பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றார்கள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

‘பழையபடி இரும்பில் கடைந்து குரோமியம் பூசலாம். இந்தக் காலத்துப் பூச்சை அவள் நம்பவில்லை, ஐந்தாறு மழைக்காலம் தாங்கினால் பெரிது என்றாள். அடுத்தது அலுமினியம். எடையே தெரியாது, மேலே கெட்டிப்படுத்திய தோல் இருக்கிறவரை ராஜா, அதில் ஒரு கீறல் விழுந்தால் கதை முடிந்தது. மூன்றாவது பழுப்பு நிறத்தில் பேக்கலைட் மாதிரி ஒன்று. சூட்டை எண்ணெய்க்கு அனுப்பாது, ஆனால் வருஷம் போகப்போக ஈரம் குடித்துப் பருக்கும், பருத்தால் சிக்கிக்கொள்ளும். கடைசியாக எவர்சில்வர்.* துருவே ஏறாது. ஆனால் சூட்டை நேராக எண்ணெய்க்குக் கடத்தும், மேல்பரப்பைப் பளிங்காகத் தேய்க்காவிட்டால் சீலைத் தின்றுவிடும். தேய்ப்பதற்கு மட்டுமே தனக்கு இரண்டு நாள் வேண்டும் என்றான் கொழுந்தன். எடுத்துக்கோ தம்பி, எத்தனை நாள் ஆனாலும் சரி என்றாள் அவள்.’

* ‘எவர்சில்வர்னு எழுதாதீங்க. டம்ளரா செய்யப் போறோம்? ஸ்டெயின்லெஸ்.’

இந்த இடத்தில் கொழுந்தனைக் கொஞ்சம் திருட்டு முழியுள்ளவனாகக் காட்ட ஆசைப்பட்டேன். ‘அவன் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்’ என்றுகூட எழுதினேன். நிஜத்தில் என் தம்பி சின்ன வயதிலிருந்தே பேசுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான், கையில் இருக்கிற பொருளைத்தான் பார்ப்பான். அதைக் கள்ளப் பார்வை என்று எழுதினால் பாவம் என் பேனாவுக்குத்தான். அடித்துவிட்டேன்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, பிரேக் வேலைக்குத் தனி நாள். அன்றைக்கு மேசையில் வேறு வேலையே கிடையாது. கிரீஸ் டப்பா, மண்ணெண்ணெய்த் தட்டு எல்லாம் கொல்லைக்குப் போய்விடும். சோப்புப் போட்டுக் கை கழுவி, புதுத் துணி எடுத்து, அப்புறம்தான் சீலைத் தொடுவாள். வாடிக்கையாளர் எவ்வளவு பறந்தாலும் ‘பிரேக் நாளைக்கு’ என்பாள். பிரேக் அக்கா என்ற பேரே பாதி அந்த வார்த்தையால் வந்ததுதான்.*

* இதையும் எழுதிக் கொடுத்தேன். பென்சில் எதுவும் இல்லை.

4

விழுந்ததை எழுத மாட்டேன். அதில் எனக்குத் தெரிந்தது தரை மட்டும்தான்.

‘போன் வந்தபோது அவள் வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்தாள். அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் வண்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முன் சக்கரம் சுற்ற மறுத்தது. தனியாக உட்கார்ந்து கேலிப்பரைப் பிரித்து, காற்றடித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தாள். கணவன் பார்க்கவேண்டும் என்றானாம். ஒரு துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள்.’

பிஸ்டனை மட்டும் எடுத்துப் போனாள் என்பதைக் கவனியுங்கள். நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டில் காய்ச்சல் அட்டையைப் பிடித்திருந்த ஒரு காந்தம் இருந்தது. நல்ல ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். வைத்துப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. எனக்கு அது போதும். எலும்பு முறிந்தவனுக்கு ஒரு எதிரி கிடைத்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும். சாயங்காலம் தம்பி வந்தான். காந்தத்தையும் பிஸ்டனையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அண்ணே, கம்பியா இழுத்து, லேத்துல கடையறப்போ அந்தச் சரக்கு லேசா காந்தம் பிடிக்கும். அதனால அது போலின்னு ஆயிடாது” என்றான். வழக்கம்போல என் முகத்தைப் பார்க்கவில்லை, பிஸ்டனைப் பார்த்தான்.

“ஊர ஏமாத்து. கூடப்பிறந்தவனையுமாடா ஏமாத்துவ?” என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர், அவரைப் பார்க்க வந்தவர்கள், நர்ஸ் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவன் பிஸ்டனை மெதுவாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனான்.

5

இப்போது கொழுந்தன் பாத்திரத்தைச் சந்தேகப்படுகிற பகுதி. ஒழுங்கான கதை என்றால் அவன் கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்லவனாக இருக்க வேண்டும். என் தம்பி இரண்டுக்கும் ஒத்துழைக்கவில்லை.

நடக்க ஆரம்பித்த பிறகு, தினமும் கால்மணி நேரம் நட என்று டாக்டர் சொன்னதால் தடியை ஊன்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனேன். அவன் பட்டறை ஜன்னலில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. இரண்டிலும் உப்புத் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு பிஸ்டன். வெளியே ஒட்டியிருந்த சீட்டில் தேதி மட்டும் எழுதியிருந்தான், நான் ஆஸ்பத்திரியில் கத்தியதற்கு மறுநாள் தேதி. ஒன்று பூச்சுப் பிஸ்டன், அதன் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து அடியில் துரு படிந்திருந்தது. மற்றது என் வண்டிக்கு வெட்டிய அதே கம்பியிலிருந்து வெட்டியது. நேற்றுக் கடைந்த மாதிரி இருந்தது. போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறான். ஒருவரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் நின்றேன். உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. தடி ஊன்றும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் முதுகு திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை, நடையைக் கட்டினேன்.

(வாரா வாரம் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப் பிஸ்டன் மாற்றி வைக்கிறானோ என்று அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வரியை இங்கே விட்டு வைக்கிறேன், என் யோக்கியதை உங்களுக்கும் தெரியட்டும்.)

6

மூன்று வாரத்துக்கு முன் அச்சகத்திலிருந்து பிழை திருத்த ஒரு கட்டு வந்தது, வண்டி பழுது பார்ப்பதற்கான கையேடு. அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: பிரேக் சீலில் சாதாரண கிரீஸோ பெட்ரோலோ படக்கூடாது, பட்டால் ரப்பர் ஊதிவிடும், ஊதினால் பிஸ்டன் பின்வாங்காது, பேட் தட்டை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறி பிரேக் தானாக இறுகும்.

தானாக இறுகும். அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிழை எதுவும் இல்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் தம்பி வெளியே போகும்போது வாசலில் நின்று கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. “சீல் எங்க அண்ணி?” என்று கேட்டான். “தூக்கிப் போட்டுட்டேன் தம்பி” என்றாள். ஒரு போல்ட்டைக்கூடத் தூக்கிப் போடாதவள். பட்டறையில் பதினைந்து வருஷத்து நட்டுகள் டப்பா டப்பாவாக இருக்கின்றன. அந்த ஒரு சீலை மட்டும் எதற்குத் தூக்கிப் போட்டாள்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தின் இடம் என் வீட்டு முன்பாதி என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அன்றிலிருந்து அவள் டீ கொண்டுவந்து வைத்தால் கையைப் பார்க்கிறேன். பார்ப்பதை அவளும் பார்க்கிறாள்.

7

நட்ட வாக்கியம் வரும் பகுதி. மூன்று தரம் எழுதினேன்.

முதல் தரம்: ‘அவள் வேண்டுமென்றே’ — சேச்சே.

இரண்டாம் தரம்: ‘அவளுக்குத் தெரியாமலே அவள் விரல்’ — விரலுக்குத் தெரியாமல் என்ன நடக்கும்? இது வக்கீல் எழுத்து.

மூன்றாம் தரம், கொடுத்தது:

‘புதுப் பிஸ்டன் வந்துவிட்டது. அன்று காலைதான் முன் சக்கரத்து பேரிங்குக்கு கிரீஸ் வைத்திருந்தாள். பிரேக்கைத் தனி நாளில் மாட்டுகிறவள், அன்றைக்கு ஏனோ இரண்டையும் ஒரே நாளில் செய்தாள். சீல் புதிது, பிஸ்டன் புதிது, இரண்டும் இறுக்கம். உள்ளே போக அடம்பிடித்தது. முழங்கால் பக்கத்தில் மஞ்சள் கிரீஸ் டப்பா திறந்திருந்தது. ஒரு விரல் தொட்டு சீலில் தடவினாள். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.’

நான் இதைக் கண்ணால் கண்டேனா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். வாசலில் நின்றிருந்தேன், அது நிஜம். டப்பா திறந்திருந்தது, அதுவும் நிஜம். விரலைக் கண்டேனா, கையேட்டைப் படித்த பிறகு விரலை நானே உண்டாக்கிக்கொண்டேனா என்பது தெரியவில்லை. எழுதி எழுதி இப்போது அந்த விரலின் நகம்கூடத் தெரிகிறது.

எந்த மெக்கானிக் படித்தாலும் அலறவேண்டிய வாக்கியம் அது. கட்டை என்றால் பேட் என்று திருத்துகிறவள், எவர்சில்வரைக் கண்டால் சிலிர்த்துக்கொள்கிறவள், சீலில் மஞ்சள் கிரீஸ் தடவினால் சும்மா விடுவாளா?

8

விட்டாள்.

பக்கம் திரும்பி வந்தது. ‘பேரிங்குக்கு கிரீஸ் வைத்திருந்தாள்’ என்பதில் மட்டும் ‘பழசைக் கழுவிட்டுத்தான் புதுசு வைக்கணும், அதையும் போடுங்க’ என்று ஓரத்தில் இருந்தது. மஞ்சள் கிரீஸ் வரியின் மேல் பென்சில் நுனிகூடப் படவில்லை. பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அழித்த தடமும் இல்லை.

இனி முடிவு. கதை என்னிடம் மூன்று முடிவு கேட்டது, மூன்றையும் எழுதினேன்.

(அ) அவள் அழுதுகொண்டே கணவனிடம் ஒப்புக்கொள்கிறாள். அவன் பெருந்தன்மையாக மன்னிக்கிறான். தம்பியை அழைத்து வருகிறார்கள்.

(ஆ) அவள் கடைசிவரை ஒப்புக்கொள்வதில்லை. கணவன் எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி அவளோடு காலம் தள்ளுகிறான். அவனுடைய மௌனத்தின் பாரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

(இ) சாதாரண கிரீஸ் சீலுக்கு ஆகாது என்பதே அவளுக்குத் தெரியாது. ஆகவே யார் மேலும் குற்றமில்லை. — இது பிரேக் அக்காவுக்கே அவமானம். கிழித்துவிட்டேன்.

மிச்சம் இரண்டையும் படித்துப் படித்துப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பழைய சந்தேகம் நெருடியது. இந்தத் தடவை யாரைச் சந்தேகப்படுகிறேன் என்றுதான் தெரியவில்லை.

9

நேற்றுவரை இவ்வளவுதான். இனி வருவது இன்று காலை நடந்தது. எழுதிய மை இன்னும் காயவில்லை என்பார்களே, அப்படி.

அவள் பட்டறையிலிருந்து உள்ளே வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் (ஆ)வைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் பகுதியை இன்னொரு தரம் கொடுங்க, ஒன்று விட்டுப்போச்சு என்றாள். கொடுத்தேன். உட்காரவில்லை, நின்றபடியே மேசைமேல் குனிந்து எழுதினாள். பென்சில் அழுந்துகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்து என் பக்கம் தள்ளினாள்.

‘ஏனோ’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம். கிரீஸ் வரியைச் சுற்றி அல்ல, அந்த இரண்டெழுத்துக்கு. பக்கத்தில் அவள் எழுதியிருந்தது மனப்பாடமாகிவிட்டது, அப்படியே தருகிறேன். வாழ்க்கையில் என்னை ‘அவரு’ என்கிறவள், கதையில் வருகிற கணவனை ‘அவன்’ என்றே எழுதியிருந்தாள்.

‘கிரீஸ் வரியில தப்பு இல்ல. அவ அப்படித்தான் பண்ணுனா. ஆனா ஏனோன்னு எழுதாதீங்க. அவ பிரேக் நாளைக்குன்னு சொன்னா. அவன் விடியக்காலையில ஃப்ரெண்ட்ஸ்ங்களோட கிளம்பணும், இன்னைக்கே வேணும்னான். வாசல்ல நின்னு ஏழு தடவ ஆச்சா ஆச்சான்னு கேட்டான். அவங்க எல்லாரும் இருக்கறப்போ, பிரேக் அக்காவுக்கு ஒரு பிரேக் மாட்ட ரெண்டு நாளான்னு சொல்லிச் சிரிச்சான். அவங்களும் சிரிச்சாங்க. அவளுக்குக் கை தானா டப்பாவுக்குப் போச்சு. அவன் விழுந்த மறுநாள் சீலை வெளிய எடுத்தப்பவே அவளுக்குத் தெரியும், ஊதிப்போயிருந்துச்சு. ஆஸ்பத்திரியில சொல்லத்தான் போனா. அதுக்குள்ள அவன் தம்பி பேரைச் சொல்லிட்டான். அதைக் கேட்டதும் அவளுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கிரீஸ் தடவுனது இல்ல, அதுதான் அவ பண்ணுன பெரிய தப்பு.’

படித்தேன். அப்புறம் பிழை திருத்துகிறவன் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன்.

நடந்தது அதுதான். ஏழு தடவை என்பதை நான் எண்ணவில்லை, அவள் எண்ணியிருக்கிறாள். சிரித்தது நினைவிருக்கிறது. நான் சொன்னது அவ்வளவு நன்றாக எடுபட்டதே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது. மூன்று வாரம், எட்டுப் பகுதி, எத்தனையோ அடித்தல் திருத்தல். அந்த வாசலில் நின்றவன் வாயைத் திறந்தான் என்று ஒரு வரியிலும் நான் எழுதவில்லை. ‘நண்பர்கள்’ என்ற சொல்லே இந்தக் கதையில் கிடையாது, வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள். என் முடிவு ஒவ்வொன்றிலும் நான் மன்னிக்கிறவன், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்கிறவன். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆட விடாதவன் என்ன சொன்னான் என்று அந்தப் பழமொழியில் இல்லை, நான் சொல்லலாம். அவன் காந்தத்தை எடுத்துக் காட்டினான்.

வெட்கமாக இருந்தது. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாருங்கள், சந்தேகம் பிடித்த புத்தி அப்போதும் அடங்கவில்லை. இவள் மொத்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு விஷயத்தை முடிக்கப் பார்க்கிறாளோ, சீல் ஊதவே இல்லையோ, தம்பி வீட்டுக்கு வந்தால் போதும் என்று இதை எழுதிவிட்டாளோ என்று ஓடியது. முகத்தைப் பார்த்தேன். ஏழு மாதமாகத் தூங்காதவள் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். அந்தச் சந்தேகத்தை அத்தோடு விட்டேன்.

“முடிவு எழுதியாச்சா?” என்று கேட்டாள்.

இல்லை, இரண்டு வைத்திருக்கிறேன் என்றேன்.

“எழுதாதீங்க. அதை நான் போய்ப் பாத்துக்கறேன்.”

என்னிடமிருந்த கட்டைச் சேர்த்து எடுத்தாள், ஒன்று முதல் எட்டு வரை, தன் பென்சிலோடு. கொல்லைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஒரு பையில் காகிதங்களை வைத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “தம்பிகிட்ட குடுக்கப் போறேன். படிக்கறானோ இல்லையோ, தெருவுல நின்னு வாயால சொல்லிட்டு வருவேன். என் பங்கைத்தான் நான் சொல்ல முடியும். வர்றதா இருந்தா வாங்க.”

காத்திருக்கவில்லை. படி இறங்கிவிட்டாள்.

10

முடிவை எழுதாதே என்று சொல்லிவிட்டாள், எழுத மாட்டேன். அவள் முடிவை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் என் பங்கு இல்லாத ஓட்டை ஒன்று இருக்கும். அதை அடைக்க நான் எழுந்து போக வேண்டும், இரண்டு தெரு, தடியோடு எட்டு நிமிஷம். போய், என்னை ஏமாற்றிவிட்டாய் என்று எத்தனை பேர் முன்னால் கத்தினேனோ அத்தனை பேருக்குக் கேட்கிற மாதிரி, நான்தான் அவசரப்படுத்தினேன், நான்தான் உன் பேரைச் சொன்னேன் என்று என் தம்பியிடம் சொல்ல வேண்டும். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். பார்க்காதவனிடம் பேசுவது இன்னும் கஷ்டம்.

அவள் இந்நேரம் அவன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். முதல் தெருமுனையில், பின்னால் தடி சத்தம் கேட்கிறதா என்று ஒரு தரம் நின்று பார்த்திருப்பாள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் பகுதியை எழுதினேன். இப்போது பத்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாக்கியம் ஒன்று முடிந்தால் இன்னொன்று கிடைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை, படிக்க ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் எழுதுவதற்கு ஒரு சாக்கு இருக்கிறது. இத்தனை நேரம் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், உங்களை மட்டும்தான் விட்டு வைத்தேன். நீங்களும் எனக்கு உடந்தைதான்.

தடி கதவோரம் சாய்ந்திருக்கிறது. நீங்கள் படிப்பதை நிறுத்துங்கள். அப்போதாவது எழுந்திருக்கிறேனா பார்ப்போம்.